பிறந்தநாளில் கேட்ட தான்சாக்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தான்சாக். ஆட்டுக்கறியும் பருப்பும் காய்களும் ஒன்றாக வெந்து குழைந்த கெட்டிக் குழம்பு அது. என் மனைவி பார்சி இனத்தவள். அவளோடு எங்கள் வீட்டுக்கு வந்த சமையல். துவரம்பருப்பு, மைசூர்ப் பருப்பு, பாசிப்பருப்பு மூன்றையும் ஊறவைத்து, எலும்போடு கூடிய கறி, மஞ்சள் பூசணி, கத்தரிக்காய், வெந்தயக்கீரை எல்லாவற்றையும் சேர்த்து வேகவைப்பாள். வெந்ததும் கறித்துண்டுகளை மட்டும் பொறுக்கித் தனியே வைத்துவிட்டு, மீதியை எங்கள் அம்மாவின் மத்தால் கடைவாள். பிறகு மசாலாவை எண்ணெயில் வதக்கி, கடைந்ததை ஊற்றி, கறியைத் திரும்பச் சேர்த்து, கடைசியில் கொஞ்சம் புளி. இதற்கென்று ஒரு சோறு உண்டு. சர்க்கரையைக் கருகவிட்டு அந்த நிறத்திலேயே அரிசியை வேகவைக்க வேண்டும். வெண்சோற்றில் ஊற்றித் தந்தால் என் மாமனார் தட்டைத் தொட மாட்டார்.

அவர் ராயபுரத்திலேயே பிறந்தவர். கப்பல் இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றார். மகளிடம் குஜராத்தி பேசுவார். மற்ற எல்லோரிடமும் ராயபுரம் கல்மண்டபத் தெருக்களின் தமிழ்தான். மாமியார் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் நின்றுகொண்டு, "இன்னா சேட்டு, சாம்பார்ல கறி வெந்துகினு கீதா? தெருவே மணக்குது" என்று கேட்டார்.

"சாம்பார்னு சொல்லாத மா. எங்க தாத்தா காதுல உழுந்தா மறுபடியும் செத்துடுவாரு" என்றார் இவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய சிறுநீரகத்தோடு நின்றுபோயின.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்களில் ஒன்று அது. வாரத்தில் இரண்டு நாள் அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் இயந்திரத்தில் படுக்கவைக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். அவற்றின் இடுக்கில் ஆட்டோ புகுந்து புகுந்து போகும். திரும்பி வரும்போது சீட்டில் சாய்ந்தே கிடப்பார். இடது கையில் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் புடைத்துத் துடித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்.

சாப்பாட்டைப் பற்றி ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். பருப்பு கூடாது. ஆட்டுக்கறி கூடாது. பூசணி, தக்காளி, கீரை கூடாது. உப்பு கூடாது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "தான்சாக்கைப் பார்த்தே எழுதின மாதிரி இருக்கு" என்றாள். காய் எதுவானாலும் சிறிதாக நறுக்கி, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, மறுபடி கொட்டிவிட்டுத்தான் அவருக்குத் தருவாள். அவர் சாப்பிட முடியாததை நாங்களும் சாப்பிடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டோம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மற்ற கிழமைகளைப் போல ஆனது, அவ்வளவுதான்.

அவருக்கு எழுபத்திரண்டு முடிகிற பிறந்தநாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள் நான் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் வராந்தா நாற்காலியிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நாளைக்கு எனுக்கு தான்சாக் வேணும்."

"மாமா, டாக்டர்..."

"டாக்டருக்கா பொறந்த நாளு? எனுக்குத்தானே? கார்த்தாலயே போய் நெஞ்சுக்கறியும் நல்லியும் வாங்கியாந்துடு. அவகிட்ட இப்ப சொல்லாத. கத்துவா."

பல வாரங்களாக அவர் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. தட்டைத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். பசி திரும்பியிருக்கிறது, பசி திரும்பினால் உடம்பும் கொஞ்சம் திரும்பும் என்று நினைத்தேன். ஒரு நாள், ஒரு கரண்டி. அதனால் என்ன கெட்டுவிடப்போகிறது? மறுநாள் வெள்ளிக்கிழமை, எப்படியும் இயந்திரம் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டு அரைநாள் விடுப்பும் எடுத்தேன்.

கறிக்கடை பாய் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார்.

"இன்னா சார், ஆளையே காணோம். ஊட்ல அல்லாரும் ஐயராயிட்டீங்களா?"

"மாமாவுக்கு உடம்பு சரியில்லை பாய். இன்னிக்குப் பிறந்தநாள். தான்சாக் வேணுமாம்."

"யாரு, பட்டறை சேட்டா? அவரு கேட்டாருன்னா நல்லிய நானே பாத்து எட்த்து தரேன். துன்ற வாயி துன்னணும் சார். வைத்தியரு பேச்சக் கேட்டு பட்டினி கெடந்து செத்தவன்தான் ஜாஸ்தி."

மார்க்கெட்டில் பூசணிக் கீற்றும் கத்தரிக்காயும் வெந்தயக்கீரைக் கட்டும் வாங்கினேன். பையின் மேல்பக்கம் கீரை தெரிய, படியேறினேன்.

வாசலில் சுண்ணாம்புப் பொடியில் மீன் வரைந்திருந்தாள் என் மனைவி. துளையிட்ட தகரப் பெட்டியில் பொடியை நிரப்பி அழுத்தினால் கோலம் விழும். நல்ல நாட்களில் அவர்கள் வீட்டு வழக்கம். நிலைப்படியில் சாமந்திச் சரம் தொங்கியது. உள்ளே சேமியா நெய்யில் வறுபடும் வாசனை. அவள் ஈரக் கையோடு வந்து என் பையை வாங்கினாள். கீரையைப் பார்த்தாள். பூசணியைப் பார்த்தாள். கறிப் பொட்டலத்தை விரலால் தொட்டாள்.

"யார் வாங்கச் சொன்னது?"

"மாமாதான். நேற்றே சொன்னார். தான்சாக் வேணுமாம்."

"பிறந்தநாளைக்கா? பப்பாவே சொன்னாரா? அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டாரா?"

"ஆமாம். பசிக்குதுன்னுதானே கேட்கிறார், ஒரு நாள்..."

அவள் என்னை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். சேமியா கருகத் தொடங்கியது. நான்தான் அடுப்பை அணைத்தேன்.

"இத்தனை வருஷத்துல பிறந்தநாள், கல்யாணம், எங்க புது வருஷம், எதுக்காவது நான் இதைச் செஞ்சு பார்த்திருக்கீங்களா?"

யோசித்தேன். இல்லை. அந்த நாட்களில் எல்லாம் வெண்சோறு, வெறும் மஞ்சள் பருப்பு, புளியும் வெல்லமும் போட்ட இறால் தொக்கு. அதையும் நான் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, ஏன் அது, ஏன் இது இல்லை என்று கேட்டதில்லை.

"செத்த வீட்ல மூணு நாள் கறி கிடையாதுங்க. நாலாவது நாள் பிரார்த்தனை முடிஞ்சு, அன்னிக்குத்தான் கறி. அன்னிக்கு இதைத்தான் செய்வாங்க. அதனாலேயே நல்ல நாள்ல அடுப்புல ஏத்த மாட்டோம். சும்மா ஞாயித்துக்கிழமை சாப்பிடலாம், நல்ல நாள்ல கூடாது. குழந்தைக்குக்கூடத் தெரியும் இது. பப்பாவுக்குத் தெரியாதா?"

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கறி எடுப்போம். ஆனால் அந்தக் குழம்புக்கு என்று தனியாக ஒரு பெயர் கிடையாது. கறிக்குழம்பு எல்லா நாளும் கறிக்குழம்புதான். மாமியார் இறந்தபோது நாலாம் நாள் நானும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து தான்சாக் சாப்பிட்டேன். கூட்டத்துக்குச் சமைக்க வசதியான குழம்பு, அதனால் செய்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். அவர் என்னிடம் ஏன் சொன்னார், அவளிடம் ஏன் சொல்லவில்லை என்பது இப்போது விளங்கியது. அவளிடம் சொல்லியிருந்தால் பேச்சோடு நின்றிருக்கும். என்னிடம் சொன்னால் கறியாகவும் பூசணியாகவும் அவள் கைக்குப் போய்ச் சேரும்.

அவர் குளித்து, வெள்ளை மல் உள்சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் போய் எதிரே நின்றாள். குஜராத்தியில் ஏதோ கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நானும் கேட்க வேண்டும் என்றோ என்னவோ, தமிழில் பதில் சொன்னார்.

"நான் நாளைலேர்ந்து அந்த மிஷினுக்கு வர்ல."

"பப்பா, நல்ல நாள் அதுவுமா..."

"நல்ல நாள்லதான் சொல்லணும். கெட்ட நாள்ல எங்க சொல்றது, வாய்ல தண்ணி ஊத்திக்கினு இருப்பீங்கோ. வாரத்துக்கு ரெண்டு தபா ஊர்த் துணி தொவைக்கிற மாதிரி என்னத் தொவைக்கிறானுங்கோ. பிழிஞ்சி காயப்போட்றானுங்கோ. மறுபடி அழுக்கு. இதுக்கு எவ்ளோ நாளு?"

"அதுக்கு தான்சாக் எதுக்கு? மிஷின் வேணாம்னு சொன்னாப் போதாதா?"

"நீ இன்னா, நெனச்சிப் பாரு டிக்ரி." மகளை அப்படித்தான் கூப்பிடுவார். "நான் செத்தா நாலாவது நாளு நீ செய்வே. மாப்ள துன்னுவாரு. கீழ்வூட்டம்மா கூட துன்னும், சாம்பார்னு சொல்லிக்கினு. எங்காளுங்க பத்து பேர் வந்து எலும்பு உறிஞ்சுவானுங்கோ. எனுக்கு மட்டும் கெடையாது. அது இன்னா நியாயம்? என் சாப்பாட்ட நான் துன்னுட்டுப் போறேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அவள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கறியைக் கழுவக்கூடச் செய்யாமல் குளிர்பெட்டியின் ஐஸ் அறையில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினாள். அன்று அவர் நெற்றியில் குங்குமம் வைத்து, சேமியா ஒரு கரண்டி ஊட்டினாள். அதை மட்டும் விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ வந்து ஒலி எழுப்பியது. அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நான் சட்டையை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழேயிருந்து டிரைவரின் குரல்: "இன்னா நைனா, இன்னும் மேக்கப் முடியலியா? கன்டெய்னரு வுட்டுட்டான்னா நாம நாஷ்டாவ ரோட்லதான் துன்னணும்!"

என் மனைவி தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு ஒரே ஒரு தடவை வா பப்பா. வந்தீன்னா ஞாயித்துக்கிழமை செஞ்சு தரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் கையை நீட்டினார். இருவருமாகத் தூக்கி நிறுத்தினோம்.

அன்று அவர் இயந்திரத்தோடு படுத்திருந்தபோது, அவள் டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று கேட்டதற்கு, சாப்பாட்டைப் பற்றித்தான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சமைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஊறிய பருப்பை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி வேகவைத்துக் கொட்டினாள். பூசணியைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி அதையும் அப்படியே செய்தாள். கீரை இல்லை, புளி இல்லை, உப்பு இல்லை. கறியில் கொழுப்பில்லாத இரண்டு துண்டு. மசாலா மட்டும் கொஞ்சம், நிறத்துக்கு. சோற்றுக்குச் சர்க்கரையைச் சரியாகவே கருக்கினாள். பார்வைக்கு எல்லாம் இருந்தது.

அவர் ஒரு வாய் வைத்தார். நாக்கில் உருட்டினார். கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"இன்னா டிக்ரி, இதுக்கும் டயாலிசிஸ் பண்ட்டியா?"

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தட்டை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"நான் சொன்ன சொல்லு காப்பாத்துனேனா இல்லியா? போய்ப் படுத்தேனா? நீ சொன்ன சொல்லு எங்க?"

 அன்று முழுவதும் அவர் எதையும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் அவள் வராந்தாவில் முறத்தில் வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். யாரும் கேட்காமல் கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு கட்டு வாங்கி வந்திருந்தாள். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து காற்று உப்பும் கவிச்சியுமாக வந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே ஆய்ந்தேன்.

"நிறுத்தினா என்ன ஆகும்னு டாக்டரைக் கேட்டேன்" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன சொன்னார்?"

"சில நாள். ஒரு வாரம், கொஞ்சம் கூட இருக்கலாம். மூச்சு வாங்குமாம். தூக்கமா வருமாம். நிறுத்தலைன்னா என்ன ஆகும்னும் கேட்டேன். அதுக்கு அவர் நேரா பதில் சொல்லலை. இதயமும் பலவீனமாத்தான் இருக்குன்னார்."

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் என்ன நினைக்கிறது? அவர் கேட்டது ஒரு வேளை சோறு. இல்லைன்னு சொன்னா அவரைப் பிடிச்சு வெச்சுக்கலாம்னு இருக்கேன். அது எனக்கே தெரியுது." ஒரு முற்றின தண்டை ஒடித்துப் போட்டாள். "தண்டோட போடாதீங்க, கசக்கும்."

திங்கட்கிழமை சமைத்தாள். குளிர்பெட்டியில் இருந்த நல்லியும் நெஞ்சுக்கறியும் வெளியே வந்தன. இந்த முறை தண்ணீரைக் கொட்டவில்லை. குக்கரின் ஆவி மாடிப்படி முழுவதும் இறங்க, கீழ்வீட்டு அம்மா வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார். மாமனார் தன் நாற்காலியை அடுப்படி வாசலில் போடச் சொன்னார். கால்கள் வீங்கியிருந்ததால் இரண்டையும் ஒரு முக்காலியில் தூக்கி வைத்தேன்.

"உப்பு போட்டியா?"

"போட்டுட்டேன்."

"எங்க, போடு பாக்குறேன். உன்ன நம்ப முடியாது."

அவள் உப்பு ஜாடியை எடுத்து வந்து அவருக்கு எதிரே பிடித்து, கையில் அள்ளிக் காட்டினாள். பிறகு குழம்பில் போட்டுக் கலக்கினாள். "போதுமா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் போட்டாள்.

கருகின சர்க்கரை நிறச் சோற்றின்மேல் குழம்பை ஊற்றி, பச்சை வெங்காயத்தில் எலுமிச்சை பிழிந்து வைத்தாள். அவர் கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் சாப்பிட்டார். நெற்றி வியர்த்தது. நல்லியை எடுத்துத் தட்டில் தட்டி உறிஞ்சினார். அந்தச் சத்தம் நாங்கள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பாதித் தட்டுக்கு மேல் அவரால் முடியவில்லை. ஆனால் அந்தப் பாதியை நிதானமாக, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார்.

"உங்கம்மா கையி" என்றார். பிறகு, "இல்ல, கொஞ்சம் ஒசத்தி. அவகிட்ட போய் சொல்லிக்கினு இருக்க மாட்டேன்" என்றார்.

நானும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். என் மனைவி சாப்பிடவில்லை. அவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பாத்திரத்தை ஊறப்போட்டாள்.

மாலையில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே தலையை இல்லை என்று ஆட்டினார். என் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல ஆட்டோ வந்தது. நான் சட்டையை எடுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே கீழே இறங்கினாள். வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்த்தேன்.

"இன்னா மா, நைனா எங்கே?"

"இனிமே வர வேணாம்ணா."

டிரைவர் ஹாரனில் இருந்த கையை எடுத்தார். தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். "எப்ப வேணும்னாலும் கூப்டு மா, எந்த நேரமானாலும் வரேன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். அவள் வண்டி தெரு முனை திரும்புகிறவரை நின்றுவிட்டு மேலே வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றாள். "மிஷின் சும்மா கிடக்கும். அந்த நேரத்துக்கு வேற யாராவது வெளியில காத்துக்கிட்டு இருப்பாங்க. பப்பா மொதல்ல அப்படித்தானே காத்துக்கிட்டு இருந்தார்."

உண்மைதான். முன்பு ஒருவருடைய இடம் காலியான பிறகுதான் அவருக்கு இடம் கிடைத்தது. போன் செய்தேன். டயாலிசிஸ் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். மாமனாரின் பெயரையும் செவ்வாய், வெள்ளி என்பதையும் சொல்லி, இனி அந்த இடம் எங்களுக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். தாள் புரளும் ஓசை கேட்டது.

"சரிங்க சார், எடுத்துடுறேன்" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்ப சார் தவறினார்?" என்று கேட்டாள்.

உள்ளே அவர் தலையணைகளில் சாய்ந்து மூச்சை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். என் மனைவி ஈரத்துணியால் அவர் விரல்களில் படிந்திருந்த குழம்பின் மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லைம்மா" என்றேன்.

மறுமுனையில் தாள் புரளும் ஓசை நின்றது. பிறகு, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.